செவ்வாய் வாசலில் செருப்பைக் கழற்றியவர்

வெள்ளிக்கிழமை காலை, குண்டசாலையில் என் வீட்டு வாசலில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. இறங்கிய மாணவி நிரோஷா, "சிஸ்டர், நம்ம டொக்டர் போயிட்டாங்க" என்றாள். அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். அழுது முடித்தபின் தலையை வாரச் சொல்லி, புசல்லாவையில் டொக்டரின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். டொக்டரின் முன்னால் கலைந்த தலையோடு நிற்கக் கூடாது.

டொக்டர் செல்வமணியை உங்களில் பலர் நுண்ணுயிரியல் படிப்பித்தவராக அறிவீர்கள். நான் அறிந்தது ஒரு கதவருகே. சத்திரசிகிச்சைக்கூடத் தலைமைத் தாதியாக ஓய்வுபெற்று, கணவரையும் இழந்து வீட்டிலிருந்த என்னை, பேராதனைப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுகூடத்துக்கு அவர் அழைத்தார். செவ்வாய்க் கிரகத்து மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றை அங்கே அவரிடம் படிக்கும் பிள்ளைகள் செய்துகொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டியளவுதான். வெளிநாட்டு விண்கலமொன்றில் போகவேண்டியது.

"பூமிக் கிருமி ஒண்ணும் அதோட போகக் கூடாது சிஸ்டர். கை கழுவ இவங்களுக்கு நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றார்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். நகம் பார்க்காமல் ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. நெற்றியில் திருநீற்றோடு வந்த டொக்டரையே ஒருநாள் திருப்பி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே கழுவிவிட்டு வந்தார்.

கருவியை அனுப்புவதற்கு முதல்நாள் விழா. நம் வழக்கப்படி நான்கு மதப் பெரியோரும் வந்தார்கள். டொக்டரும் நானும் வாசலில் அவர்களை வரவேற்று நின்ற நேரத்தில், ஆய்வுகூடப் பணிப்பாளர் சொன்னாரென்று பிள்ளைகள் கருவியைப் பூத்தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பிக்கு ஓதிய பிரித் நீர் தெளிக்கப்பட்டது. மூடியில் சந்தனப் பொட்டும் ஏறியது. எல்லோரும் கைதட்ட, டொக்டர் தட்டின் முன்னால் போய் நின்று, இது போகாது என்றார்.

மறுபடி பிரித்து, சூட்டு அடுப்பில் வைத்துக் கிருமி நீக்கிச் சோதிப்பதற்குள் விண்கலத்தில் இடம் போய்விடலாம். பிள்ளைகளின் முகம் வெளுத்தது. பணிப்பாளர் யாழ்ப்பாணத்தவர், கேலிக்காரர்.

"அங்க ஆர் இருக்கினம் டொக்டர், கோவிக்கிறதுக்கு?"

"யாரும் இல்லைன்னு தெரியுமா சார்? தெரியாத வீட்டுக்குள்ள செருப்போட போவீங்களா? உயிர் இருந்தா நம்ம கிருமி அதை அழிச்சிரும். இல்லாட்டி, நம்ம கிருமியையே அங்க கண்டுட்டுக் கூத்தாடுவோம்."

வயதான பிக்கு எழுந்து, தாம் தெளித்த நீரால் அங்கே தீங்கு வருமா என்று சிங்களத்தில் கேட்டார். வரலாம் என்றார் டொக்டர். எல்லா உயிரும் நலமாயிருக்கத்தானே ஓதுகிறோம், அதை ஆய்வுகூடக் கண்ணாடிக்கு வெளியே நின்றும் ஓதலாமே என்றார் பிக்கு. குருக்களும் மௌலவியும் பாதரும் தலையசைத்தார்கள்.

அன்றே பிரித்தோம். பிள்ளைகள் முறைவைத்து உழைத்தார்கள். கதவை நான் பார்த்துக்கொண்டேன். கருவியைத் துடைத்த பஞ்சை இட்ட சோதனைத் தட்டுகளில் ஒரு கிருமியும் முளைக்கவில்லை. அவசரமாக நடந்த இரண்டாம் வழியனுப்பில், நால்வரும் கண்ணாடிக்கு வெளியே நின்று ஆசீர்வதித்தார்கள். கடைசி நேரத்தில் இடம் கிடைத்தது. கருவியைப் பரிசோதித்த வெளிநாட்டவர், கதவருகே யார் நின்றார் என்று விசாரித்தார்களாம். டொக்டர் என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

அது செவ்வாயில் இறங்கிய நாளில், ஆய்வுகூடத்தில் அவர் என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். முதல் அளவு வந்தபோது பிள்ளைகள் துள்ளினார்கள். அவர் என் கையைப் பிடித்து, "சுத்தமா போய்ச் சேந்துட்டோம் சிஸ்டர்" என்றார். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். எனக்கு அது போதும்.

அந்தச் சோதனைத் தட்டுகளில் ஒன்று என் கண்ணாடி அலுமாரியில், கணவரின் படத்துக்கருகே இருக்கிறது. வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்கிறார்கள்.

ஒன்றுமே இல்லை, நன்றாகப் பாருங்கள் என்கிறேன்.