அவர் முறையில் எங்களுக்காகப் பேசினார்

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம், பழவேற்காட்டில் நடந்தது இது. எங்கள் ஊர் ஏரிக்கு நடுவில் இருக்கிறது. தலைவலி மாத்திரை வேண்டும் என்றாலும் படகு ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். வந்தால் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் இருப்பார், மருந்து இருக்கும். டாக்டர் நாற்காலிதான் பெரும்பாலும் காலியாக இருக்கும். இருந்த ஒரே டாக்டர் பக்கத்து நிலையங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரும் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்.

அப்போதுதான் டெல்லியிலிருந்து நாடாளுமன்றக் குழு ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள். கிராமங்களில் டாக்டர்கள் ஏன் போதவில்லை, அரசு ஆஸ்பத்திரிகள் எப்படி நடக்கின்றன என்று எம்.பி.க்களே ஜனங்களை நேரில் கேட்கப் போகிறார்களாம். ஊருக்கு ஒருவர் பேசலாம். ஒரே ஒரு விஷயம், அதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கூட்டத்தில் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஊரிலேயே நான்தான் வாயாடி. "இத்தினி நாளா பேசினதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம் வந்துகீது" என்று என் மனைவியே கிண்டல் செய்தாள்.

யார் முதலில் பேசுவது என்று ஊர்களுக்குள் தகராறு வந்தது. எங்களுக்கு இதற்கெல்லாம் ஒரே வழிதான் தெரியும். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், எந்த ஊர் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதைப் பாடு என்போம். நம் பாடு அன்றைக்கு நம்மால் போக முடியவில்லையா, அவ்வளவுதான், அடுத்த சுற்று வரும்வரை சும்மா உட்கார வேண்டியதுதான். ஒரு ஊர்ப் பாட்டில் இன்னொரு ஊர் கை வைக்காது. ஒரு ஊருக்காக இன்னொரு ஊர் போய் வலை கட்டவும் செய்யாது. எம்.பி.க்கள் முன்னால் பேசுவதற்கும் அதே மாதிரி சீட்டுப் போட்டோம். ஏற்பாடு செய்ய வந்த அதிகாரி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊருக்குக் கடைசிக்கு முந்தின முறை விழுந்தது. கடைசி முறை எதிர்க்கரை ஊருக்கு. அந்த ஊர் சார்பாகப் பேச வந்தவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வலை மேல் என் படகு ஏறியதா, என் படகுக்குக் கீழே அவர் வலை வந்ததா என்பதில் ஆரம்பித்த சண்டை. ஒரே கல்யாணத்துக்குப் போனால்கூட வேறு வேறு பந்தியில்தான் உட்காருவோம். அவர்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தின் கூரை மழையில் விழுந்துவிட்டது. நர்ஸ் வந்தால் உட்கார இடமில்லை. அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

என் மனைவி அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். சில நாளாகக் காலும் முகமும் வீங்கியிருந்தன, தலைவலி வேறு. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம்தானே என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மழையில் படகு போகாததால் நர்ஸும் எங்கள் பக்கம் வந்து நாளாகியிருந்தது. "எம்.பி. வர்ற அன்னிக்காவது டாக்டர் இருப்பாங்க, நானும் வரேன்" என்று அவளும் படகில் ஏறிக்கொண்டாள்.

அவள் கணக்கு சரிதான். அன்றைக்கு மட்டும் வேறு ஊரிலிருந்து ஒரு சின்ன வயசு பெண் டாக்டரை அனுப்பியிருந்தார்கள். நிலையத்துக்கு வெள்ளை அடித்து, வளாகத்திலேயே பந்தல் போட்டு, குழுவின் பாதுகாப்புக்கு என்று ஒரு ஆம்புலன்ஸையும் நிறுத்தியிருந்தார்கள். மனைவியை டாக்டரைப் பார்க்க உட்காரவைத்துவிட்டு நான் பந்தலுக்கு வந்தேன். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். டாக்டர் இல்லாமல் தீவு ஊர்களில் கர்ப்பிணிகள் படும் பாடு பற்றித்தான் பேசப் போகிறேன் என்று பந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மனைவி உள்ளேதான் இருந்தாள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்களுக்கு முந்தின ஊர்க்காரர் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே டாக்டர் முகம் மாறியிருந்தது. இரண்டாம் முறையும் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார், பயப்படுகிற அளவுக்கு ஏறியிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் விட்டா வலிப்பு வந்துடும். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். ஊசி போட்டார். யாரிடமும் அனுமதி கேட்காமல், குழுவுக்காக நின்ற ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, நர்ஸையும் கூட ஏற்றி அனுப்பினார். அந்த டாக்டர் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வண்டியின் கதவைச் சாத்தும்போது மைக்கில் எங்கள் ஊர் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் வண்டிக்குள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊர் என்னை நம்பி அனுப்பியது ஞாபகம் வந்தது, ஆனால் இறங்க மனசு வரவில்லை.

பொன்னேரி தாண்டி சென்னை போய், அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஒருத்தி வார்டில், ஒருத்தி கண்ணாடிக்குள், நான் வராந்தாவில். இருவரும் பிழைத்துவிடுவார்கள் என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் நான் அழுதேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் என் பங்காளி போன் செய்து பந்தலில் நடந்ததைச் சொன்னான். எங்கள் ஊரிலிருந்து யாரும் பேச முன்வரவில்லை, எல்லோரும் ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நேரமாகிவிட்டது என்று அதிகாரி அடுத்த ஊரைக் கூப்பிட்டிருக்கிறார். என்னோடு பேசாத அந்த மனிதர் மைக்கைப் பிடித்து, "இப்ப பேசுறது என் ஊருக்காக இல்ல. அந்தத் தீவுக்காரன் பேச வந்தத நான் பேசுறேன்" என்றாராம். அவர் ஊர்ப் பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. நான் சொல்லிப் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் தன் பங்குக்கு ஒன்று கேட்டிருக்கிறார்.

"இன்னிக்கு நீங்க வரீங்கன்னு டாக்டர் வந்தாங்க, நீங்க வரீங்கன்னு வண்டி வந்துது. அதனால அந்தப் பொண்ணு பொழைக்கப் போவுது. நீங்க வராத நாள்ல அது எங்க போவும் சார்?"

குழுவில் இருந்த ஒரு அம்மா பந்தலை விட்டு எழுந்துபோய், அந்த டாக்டரையே உட்காரவைத்து எல்லாம் விசாரித்திருக்கிறார். அத்தோடு கூட்டம் முடிந்துவிட்டது. விழுந்த கூரையைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை.

குழந்தை தேறியதும் அவளைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு எதிர்க்கரைக்குப் போனேன். அவர் வலையைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவோ பேசத் தெரிந்த எனக்கு அன்றைக்கு, "இன்னாண்ணா இப்பிடிப் பண்ணிட்ட, உங்க ஊர் பாடு போச்சே" என்றுதான் வந்தது.

"பாடு போனா அடுத்த சுத்துல வரும்பா. ஆளு போனா வருமா?" என்றார். அப்புறம் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார்.

ஏரியில் வேண்டுமானால் அடுத்த சுற்று வரும். டெல்லியிலிருந்து வருகிறவர்களுக்கு ஏது சுற்று? அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார். ஊருக்குள் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை என்று அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது வாரத்தில் ஒரு நாள் எங்கள் தீவுக்குப் படகில் டாக்டர் வருகிறார். குழு சுகாதாரத் துறையைக் கேட்ட கேள்விதான் காரணம் என்கிறார்கள். வேறு காரணமும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. எதிர்க்கரையில் அந்தக் கட்டடம் இன்னும் கூரை இல்லாமல்தான் நிற்கிறது. கலெக்டர் ஆபீஸோ, எம்.எல்.ஏ. வருகிற கூட்டமோ, எங்கே பேச வாய்ப்பு கிடைத்தாலும் நான் முதலில் எழுந்து அந்தக் கூரையைப் பற்றித்தான் பேசுகிறேன். உங்கள் ஊர் எது என்று கேட்டால் இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன், என் மகள் உயிரோடு இருப்பதற்கு அந்த ஊரும் ஒரு காரணம் என்பதால்.