ஷூவுக்குள் ஸ்ப்ரிங்

எனக்கு இரண்டு பாதமும் தட்டை. ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் மற்றவர்களுக்கு உள்பக்கம் வளைந்து விழும் தடம், எனக்கு மட்டும் தோசை வார்த்த மாதிரி முழுசாக விழும். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஓட ஆரம்பிக்கும்வரை நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. திருத்தணியில் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் ஓடினால் ஒன்றும் தெரியாது. மலையடிவாரத்தில் கல்லும் முள்ளுமான பாதையில் கால் வைத்தால், அரை மைல் போவதற்குள் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துவிடும். முழங்கால்வரை சுளீர் சுளீரென்று இழுக்கும். அந்த வலியோடு வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்கி மிதிக்கட்டையை மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறி, அதில் ஒன்று என்னுடையது. "ஓடறதுன்னா ஓடு, தறி நிக்கக் கூடாது" என்றுதான் நைனா சொல்லியிருந்தார். எங்களுக்கு அப்பா என்றால் நைனா.

அந்த நைனாவேதான் நான் நொண்டுவதைப் பார்த்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஷூவுக்குள் உள்பக்கம் மேடாக ஒரு மெத்தை வைக்கச் சொன்னார் டாக்டர். அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வெளியே, ரயில்வேக்காரர்களின் பூட்ஸ் தைக்கும் ஒருவரிடம் போனோம். அவர் என் காலை நனைத்து, செய்தித்தாள் மேல் நிற்கச் சொல்லிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பள்ளமே காணோம்? பூமி மொத்தமும் உனுக்கே வேணுமா?" என்றார்.

கார்க்கைச் சீவி, மேலே தோல் ஒட்டி, நான் நின்று பார்க்கப் பார்க்க இழைத்து இழைத்து இரண்டு மெத்தைகள் செய்தார். மூன்று தடவை ரயிலேறிப் போய் வந்தோம். கடைசித் தடவை திரும்பி வந்த அன்று மாலையே மலையடிவாரத்தில் ஓடினேன். வலி இல்லை. அவ்வளவுதான். வேகம் ஒரு துளிகூடக் கூடவில்லை. இதை அடித்துச் சொல்கிறேன், பின்னால் நடந்த அநியாயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் பள்ளிகளுக்கிடையிலான பெண்கள் ஓட்டம் எங்கள் ஊரில் நடந்தது. முதல் நான்கு பேர் சென்னைக்குப் போகலாம். அங்கே ஓடினால் ஹாஸ்டலோடு காலேஜில் இடம் கிடைக்கும் என்று கேம்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் எனக்குத் தறிக்குழிதான், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏரிக்கரை வழியாகப் போய், மலைச்சரிவில் ஆடு போகும் பாதையில் சுற்றி, மறுபடி மைதானத்துக்கு வர வேண்டும். பாதி வழியில் அந்தப் பாதை கோயில் படிக்கட்டைக் குறுக்கே கடக்கும். நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் வெறுங்காலில் ஓடினார்கள், அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. வெளியூர்ப் பெண்கள் ஷூவோடு தடதடவென்று படியை மிதித்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரியாகவும் இருந்து ஷூவும் போட்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

இரண்டாவதாக வந்துகொண்டிருந்த நான் நின்றேன். யோசித்து நிற்கவில்லை. முருகன் படியைச் செருப்புக் காலோடு மிதித்துப் பழக்கமில்லை, கால் தானாக நின்றுவிட்டது. முடிச்சை அவிழ்த்து ஷூவை உருவியபோது வியர்வையில் மெத்தைகளும் கூடவே வெளியே வந்து விழுந்தன. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு படியைக் கடந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து, இடது எது வலது எது என்று பார்த்து உள்ளே வைத்து, மறுபடி கட்டினேன். அதற்குள் ஆறு பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்த ஆறு பேரில் நாலு பேரைத் திரும்பப் பிடித்தேன்! எப்படிப் பிடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான்காவதாக வந்தேன்.

மைதானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, படிக்கட்டருகே காவலுக்கு நின்றிருந்த நடுவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சென்னையிலிருந்து வந்தவர், மூக்குக்கண்ணாடிக்காரர்.

"இந்தப் பொண்ணு ஷூவுக்குள்ள ஸ்ப்ரிங் மாதிரி என்னமோ வெச்சிருக்கு. அத வெளிய எடுத்து மாட்டினத என் கண்ணால பார்த்தேன்."

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சார், அது கால்வலிக்கு டாக்டர் சொல்லிப் போட்டதுங்க. நீங்க கண்ணாடி போட்டுகினு கீறீங்களே, அந்த மாதிரிங்க."

"நான் கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு வரலியே" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 

ஷூவைக் கழற்றச் சொன்னார். மெத்தையை எடுத்து முகர்ந்து பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பென்சில் சீவும் பிளேடை எடுத்து, என் கண் முன்னாலேயே அதை நீளவாக்கில் கிழித்தார். ஒன்றைக் கிழித்ததும் திருப்தியில்லாமல் மற்றதையும் கிழித்தார். கார்க் தூள் தரையில் கொட்டியது. வேறெதுவும் கொட்டவில்லை.

"ஸ்ப்ரிங் எங்க சார்?" என்றேன்.

அவர் பிளேடைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"தேடி எடுத்துக் குடுங்க சார், நானே ஒத்துக்கினு போறேன். ஷூவோட சாமி படிய மிதிச்சுகினு போன ரெண்டு பேரு உங்க லிஸ்ட்ல கீறாங்க. நின்னு கழட்டுனதுக்கு எனுக்கு இதா கூலி?"

"உள்ள எக்ஸ்ட்ரா வெச்சது வெச்சதுதான்" என்று சொல்லி என் பெயரை அடித்துவிட்டு, பேனாவை மூடினார். கேம்ஸ் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அந்த அம்மா! ஐந்தாவதாக வந்த பெண் சென்னைக்குப் போனாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கிழிந்த மெத்தைகளை நைனா துண்டில் முடிந்துகொண்டார்.  மறுநாள் காலை நான் தறிக்குழியில் இறங்கி மிதியில் கால் வைத்தேன். கணுக்கால் பழையபடி உள்பக்கம் சாய்ந்தது. பக்கத்துத் தறியில் குறுக்கு நூல் கோத்த நாடாவை ஓட்டிக்கொண்டிருந்த நைனா கையை நிறுத்தினார். கிருத்திகை தவறாமல் விரதமிருந்து மலையேறுகிற மனுஷர், என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்:

"அந்தப் படியாண்ட நீ கழட்டாமயே போயிருக்கலாமில்ல, கண்ணு?"

என் காலேஜ் கைவிட்டுப் போனதைக்கூட ஒரு மாதிரி மறந்துவிட்டேன். என் நைனாவை அப்படிக் கேட்க வைத்தார்களே, அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.