கை எட்டுகிற பின்சீட்டு

பைக் ஓட்டுகிற ஒருவர் கார் வாங்க வந்தால் சாவியக்காவுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். காரைச் சுற்றி வரும்போது முன்மூடியை உள்ளங்கையால் தடவுவார், பெட்ரோல் டேங்கைத் தடவுகிற அதே தடவல். உள்ளே உட்கார்ந்ததும் ஏசியைத் தேடமாட்டார், கண்ணாடியை இறக்குவார். வண்டியை எடுக்குமுன் பக்கக் கண்ணாடியை நம்பாமல், கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்ப்பார்.

பழைய கார் விற்கிற யார்டில் அவளுக்கு இது ஆறாவது வருஷம். அலுவலக அறையின் சுவரில் ஒரு பலகை, பலகையில் வரிசையாக எண் போட்ட கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி. அந்தப் பலகை அவள் பொறுப்பு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

யாருக்கு எந்த வண்டி என்பது அவளுக்கு அத்துப்படி. ஒருமுறை கீழே விழுந்து எழுந்தவர்கள் பெரிய வண்டி கேட்பார்கள். கதவு கனமாக இருக்க வேண்டும், மூடினால் தெரு காணாமல் போக வேண்டும். விழாதவர்கள் சின்ன வண்டி கேட்பார்கள். கியர் கைக்குள் இருக்க வேண்டும், இன்ஜின் பேசுவது காதில் விழ வேண்டும், சந்தில் நுழைய வேண்டும். பைக்கை விட மனசு வராதவர்களுக்கு, அதையே தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போக வசதியாகத் திறந்த வண்டி.

"நாலாவது ரகம் ஒண்ணு இருக்கே. எதைக் காட்டினாலும் வேண்டாம்னு சொல்ற ரகம். உங்க வீட்டு ரகம்," என்பார் யார்டு முதலாளி.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாகக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் பைக்கில்தான் போய்வந்தார். சென்ற மாதம் ஒரு காலை, ஸ்பேனரைப் பிடித்த விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. கழுத்து எலும்பைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு பெரிய பள்ளத்துல ஏறி இறங்கினா போதும், ரெண்டு கையும் வேலைக்கு ஆகாது. இனிமே பைக்கைத் தொடாதீங்க," என்றார்.

சாவியக்கா அன்றைக்கே பைக் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, யார்டுப் பலகையின் கடைசியில், எண் இல்லாத கொக்கியில் மாட்டிவிட்டாள். இருவருக்கும் ஒரு பேச்சு. அடுத்த மாதம் முடிவதற்குள் அவருக்குப் பிடித்த கார் ஒன்றை அவள் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பைக் சாவி அவர் கைக்குப் போய்விடும். அப்படிப் போனால் அவர் கைகளும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சென்றால் பேச்சுதான்.

நான்கு கார்களை ஓட்டிப் பார்த்தார். முதலாவது, "சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு ஊர்கோலம் போற மாதிரி இருக்கு." இரண்டாவது, "இது என்னைக் கேட்காமலே பிரேக் போடுது. உங்கப்பா மாதிரி." மூன்றாவது கியர் இல்லாத வண்டி. "இடது காலுக்கு வேலையே இல்ல. நாளையிலேருந்து அதை வீட்லயே விட்டுட்டு வரட்டுமா?"

நான்காவதிலிருந்து இறங்கியபோது அவர் கிண்டல் பண்ணவில்லை.

"நல்ல வண்டிதான். ஆனா ஒத்தையா இருக்கு," என்றார்.

"ஒத்தையான்னா?"

"விடு."

யார்டின் கோடியில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். பின்சீட்டோ முன்சீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பைக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் நேராக அதனிடம்தான் போவார்கள். ஐந்து மாதத்தில் மூன்று பேர் வாங்கினார்கள். மூன்று பேருமே ஏழு நாளுக்குள் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக வாங்கியவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"வண்டியில என்ன குறைன்னு சொல்லுங்க சார். சரி பண்ணித் தர்றோம்," என்றாள்.

"குறை ஒண்ணும் இல்லக்கா. வளைவுல திரும்பும்போது யாரோ தோள்ல தட்டுறாங்க."

"யாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் திருப்பித் தர்றேன்?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். "ரெண்டு தட்டு. மெல்லத்தான். இடது தோள்ல."

அவர் போனதும் சாவியக்கா முதலில் வாங்கிய மருந்துக் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். வீட்டில் மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பித் தந்தவர் அவர். தோளில் தட்டுவதைப் பற்றிக் கேட்டதும் மறுமுனையில் அறைக்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இடது தோள்," என்றார். "ரெண்டு."

அவள் போனை வைத்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன காலத்தில், வேகம் அதிகமானால் அவளும் கணவரின் இடது தோளில் அப்படித்தான் தட்டுவாள். ரெண்டு தட்டினால் மெதுவாகப் போ என்று அர்த்தம். பின்னால் உட்காருகிற யாரும் செய்கிற காரியம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாம்பல் காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணவர் யார்டுக்கு வந்தார். நல்ல பகல் வெயில். அவள் வேறொரு குடும்பத்துக்குப் பெரிய வண்டியின் டிக்கியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது தார்ப்பாய் தரையில் கிடந்தது. கார் இல்லை. பலகைக்கு ஓடினாள். பத்தொன்பதாம் கொக்கி காலி.

"அவர்தான் எடுத்துட்டுப் போனாரு. ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரேன்னாரு," என்றார் முதலாளி.

"கயிறு கட்டியிருந்தேனே?"

"அவிழ்ந்துதான் கிடந்துச்சு."

இருபது நிமிஷம் கழித்துச் சாம்பல் கார் உள்ளே வந்து நின்றது. கண்ணாடி இறக்கியிருந்தது. அவர் முகத்தில், பல வாரங்களாக அவள் பார்க்காத ஒரு தெளிவு.

"இதை ஏன் மூடி வச்சே?"

"எப்படி இருந்துச்சுங்க?"

"ஒத்தையா இல்ல," என்றார். "மாவு மில் வளைவுல கொஞ்சம் வேகமாத்தான் திரும்பினேன். ரெண்டு தட்டு. சட்டுனு மெதுவாக்கினேன். அந்தப் பக்கம் சிலிண்டர் லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல வருது. ஒரு முழம்தான் இடைவெளி."

அவள் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். "நான் இங்கதானே இருந்தேன்."

"உன்னை யாரு சொன்னா? நீ பஸ்ல வேலைக்கு வர ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளாவது என் பின்னால உட்கார்ந்திருக்கியா?"

"இல்ல."

"தட்டு நிக்கவே இல்லம்மா. பைக்ல தினமும் இருந்துச்சு. முதல்ல நீ ஞாபகமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கிறதை விட்டுட்டேன்." ஸ்டியரிங்கைத் தடவினார். "மத்த கார்ல எல்லாம் பின்சீட்டு தூரத்துல இருக்கு. இதுலதான் கை எட்டுது."

அவர் பயந்து சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் சொன்னார். அவள் அலுவலக அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எண் இல்லாத கொக்கியில் பைக் சாவி மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் காரைத் தரமாட்டேன் என்றால், மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் அந்தச் சாவியைத் தர வேண்டும். டாக்டர் சொன்ன பள்ளம் எந்தத் தெருவிலும் இருக்கலாம்.

சாம்பல் காரின் சாவியை அவர் கையிலேயே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். அவர் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"நான் பின்னால உட்கார்ந்துக்கறேன்," என்றாள் அவள். அந்த இடத்தில் தானே உட்கார்ந்துவிட்டால் வேறு யாருக்கும் இடமிருக்காது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

அவர் முன்சீட்டை மடக்கிப் பிடித்தார். அவள் குனிந்து உள்ளே நுழைந்து, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அவர் சீட்டை உடனே விடவில்லை. இன்னொருவர் ஏறி முடிக்கக் காத்திருப்பவர்போல இரண்டு மூச்சு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பார்த்துப் பார்த்து நிமிர்த்தினார்.

மாவு மில் நெருங்கியது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டாள். விரல்கள் மரத்துப்போகிற அளவுக்கு அழுத்திக்கொண்டாள். வளைவு வந்தது. அவருடைய இடது தோளில் சட்டைத்துணி ஒருமுறை அமுங்கி எழுந்தது. மறுபடியும் அமுங்கி எழுந்தது. கார் மெதுவாகியது. மில் வாசலிலிருந்து மூட்டையைத் தலையில் சுமந்த ஒருவர் சாலையைப் பார்க்காமலே குறுக்கே நடந்து போனார்.

அவர் உள்கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சிரித்தார்.

"பழைய பழக்கம் போகலையே உனக்கு. நீதானே தட்டினே?"

காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம். இறங்கினால், அவள் பயப்படுகிற காரை அவர் வைத்துக்கொள்ளமாட்டார். கொக்கியில் பைக் சாவி காத்திருக்கிறது.

"ஆமாங்க," என்றாள். "நான்தான்."

கைகளை வெளியே எடுக்காமல், பக்கத்தில் இடம் விட்டு, ஜன்னல் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.