அடிக்கோடு அக்கா

இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் அடிக்கோடு அக்காதான். பதினெட்டு வருடமாக அறிவிப்புகளை டைப் அடித்து, முக்கியமான சொல்லுக்கெல்லாம் கோடு இழுத்த கை அது.

கூடத்துக்கு இணையப்பக்கம் தொடங்கியபோது அந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது. நாலு நாள் வகுப்புக்குப் போனார். சொல்லுக்கு முன்னால் டேக் என்கிற ஒரு குறி, பின்னால் ஒரு டேக் போட்டால் நடுவில் இருப்பதற்குக் கோடு விழும் என்று தெரிந்த பிறகு மற்ற பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

‘வெறும் வயிற்றில் வரவும்’ என்பதற்குக் கோடு. ‘காலை ஏழு மணிக்குள்’ என்பதற்கும் கோடு. ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்பதில், யாரும் கட்டாயம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, ‘லாம்’முக்கு மட்டும் தனிக்கோடு.

பக்கம் வெளியான மறுநாள், தொலைபேசி எடுக்கும் பெண் அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

“காலைலேர்ந்து ஒரே புகார்க்கா. வெறும் வயித்த அழுத்தினா ஒண்ணும் திறக்கலையாம்.”

“வயித்த எதுக்கு அழுத்துறாங்க?”

“வெப்சைட்ல இருக்கிற வயித்தக்கா. கோடு போட்டிருந்தா, அழுத்தினதும் வேற எங்கயாவது கூட்டிட்டுப் போகும்னு நெனைக்கிறாங்க.”

“படிக்கிறதுக்குத்தானே கோடு போட்டேன்?”

அக்கா நம்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அந்தப் பக்கத்தைத் திறந்து, விஷயத்தைச் சொல்லாமல் கணவரிடம் ஃபோனை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பொறுமையாகப் படித்தார். பிறகு விரலை நீட்டி ‘லாம்’மை அழுத்தினார்.

“நீங்களுமா?”

“நெட்டு ஸ்லோவா இருக்கு போல,” என்று சொல்லி இன்னொரு தடவை அழுத்தினார்.

அக்கா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் நாற்பத்தொரு கோடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் தடித்த எழுத்துக்கான டேக்கைப் போட்டார். தொலைபேசிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“எல்லாமே குண்டா இருந்தா இதுல எது முக்கியம்க்கா?”

அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மதியம்வரை யோசித்து, மூன்றே மூன்றை மட்டும் தடிப்பாக விட்டுவைத்தார். மற்றவற்றைக் கழற்றும்போது மனசு அடித்துக்கொண்டது.

தொலைபேசி அடங்கியது. முன்பெல்லாம் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள்; அடுத்த வாரம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். என்ன செய்தீர்கள் என்று மானேஜர் கேட்டார்.

“ஒண்ணும் பண்ணல சார், கோடு போடுற கையக் கொஞ்சம் கட்டிப் போட்டேன்,” என்றார் அக்கா.