எக்ஸ்ரே நட்சத்திரங்கள்

எக்ஸ்ரே படத்தை வெட்டிச் செய்த நட்சத்திரத்தை விளக்குக்கு நேரே பிடித்தால், நடுவில் யாருடைய எலும்போ சாம்பல் நிறத்தில் தெரியும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு இது பொருத்தமான அலங்காரமா என்று யோசிக்கும் நிலையில் நான் அப்போது இல்லை. மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில், மரத்தில் எதுவும் தொங்குவதற்கு முன்பே என் வலது கால் எடைக்கல்லோடு தொங்கிக்கொண்டிருந்தது. கீழக்குயில்குடி மலையில் சமணப் படுக்கைகளின் பழமையை நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்ததன் பலன். துறவிகள் கல்லில் படுத்து ஆசையை விட்டார்கள். நான் மெத்தையில் படுத்து, திரும்பவும் முடியாமல் தூங்கவும் முடியாமல், பக்கத்துப் படுக்கைக்கு வந்த ஆம்லெட்டுக்கு ஆசைப்பட்டேன்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொந்த ஊரே கீழக்குயில்குடிதான். டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். "எங்க ஊருக்கு வந்து ஒழுங்கா விழக்கூடத் தெரியலையே மாப்ள" என்பதுதான் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அன்று முதல் அவர் எனக்கு அண்ணன்.

டிசம்பர் பிறந்ததும், ‘பெரிய சிஸ்டர்’ என்று நாங்கள் அழைத்த தலைமை நர்ஸ், வார்டின் நடுவே மணல் வாளியில் ஒரு சவுக்குக் கிளையை நட்டார். கடையில் வாங்கிய ஜிகினா எதையும் அண்டவிட மாட்டார். கை சும்மா இருந்தால் கால் எலும்பு ஒட்டாது என்பது அவருடைய மருத்துவம். ஊசிமருந்துக் குப்பிகளில் கலர்த் தண்ணீர் அடைத்து நூல் கட்டினோம். மாவுக்கட்டுத் துணியை நனைத்துத் தேவதைகள் செய்தோம். நான் செய்ததை சிஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையும் அட்மிட் பண்ணணும் போலயே" என்றார். கேட்பாரற்ற பழைய எக்ஸ்ரே படங்களை அட்டை அச்சு வைத்து நட்சத்திரங்களாக வெட்டினோம். கத்தரி பிடிப்பதில் அண்ணன் கெட்டிக்காரர்.

ஆனால் கை கத்தரியில் இருக்க, அவருடைய கண் எதிர்ப்படுக்கையை விட்டு நகராது. சர்க்கரை வியாதியோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போன பெரியவர் அங்கே ஒற்றைக் காலோடு படுத்திருந்தார். தொடையில் கம்பி வைக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னதிலிருந்து, தன் காலையும் எடுத்துவிடுவார்கள் என்றே அண்ணன் நம்பினார்.

"இம்புட்டு நாளும் கூலிக்கு அடுத்தவன் வரப்புல நடந்த காலு மாப்ள. இப்பத்தான் சொந்த வரப்புல நடக்குது. அதப் போயி எடுத்தா?"

இரண்டும் வேறு வேறு ஆபரேஷன் என்று நான் விரிவாக விளக்கினேன். விளக்கிக்கொண்டே மலையிலிருந்து விழுந்தவன் பேச்சை யார் நம்புவார்?

ஆபரேஷனுக்கு முதல்நாள் காலை பெரிய டாக்டர் வந்து அண்ணனின் எக்ஸ்ரே படத்தைக் கேட்டார். மெத்தைக்கடியில் இருந்த உறை காலி. அண்ணன் விட்டத்தைப் பார்த்தார். சிஸ்டர் மரத்தைப் பார்த்தார். நேரே போய், நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நான்கைக் கழற்றி வந்து வெள்ளைப் போர்வைமேல் சேர்த்து வைத்தார். அண்ணனின் முறிந்த தொடை எலும்பு அங்கங்கே இடைவெளியோடு கிடந்தது.

"எதுக்குய்யா இந்த வேலை?" என்றார் டாக்டர்.

"படம் இல்லாட்டி எதப் பாத்து ஆபரேஷன் பண்ணுவீக?"

வார்டே சிரித்தது. அண்ணன் மட்டும் எதிர்ப்படுக்கையையே பார்த்தார். டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு படம் எடுக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா? உன் காலை நான் எடுக்க மாட்டேன்யா. வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

"பேப்பர்லயா? படத்தையே எம்புட்டு லேசா வெட்டிப்புட்டேன், பாத்தீகல்ல? கால்ல எழுதுங்க."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பஞ்சுக் குச்சியை ஊதா மருந்தில் தோய்த்து, அண்ணனின் புறங்காலில் எழுதினார்: ‘இந்தக் காலை எடுக்கக் கூடாது.’ கீழே டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகே அண்ணன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

மறுநாள் மதியம் அவரை மல்லாக்கப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் தலையைத் தூக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை. கால் போய்விட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"மாப்ள, எட்டிப் பாரு. இருக்கா?"

"இருக்குண்ணே."

"பொய் சொல்லாத. எழுத்தப் படி."

தொங்கும் காலோடு முடிந்த மட்டும் கழுத்தை நீட்டி, போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு வாட்டி."

படித்தேன். சாயங்காலம் அவருடைய கால்விரல் அசையும்வரை படித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது என் மூட்டு எக்ஸ்ரே போனுக்கே வந்துவிடுகிறது, வெட்டி மரத்தில் கட்ட வழியில்லை. எழுதுவது என் பிழைப்பாகிவிட்டது. கூட்டங்களில் படிக்கிறேன், கை தட்டுகிறார்கள், கடைசி வரி முடியுமுன்னே செருப்பைத் தேடுகிறார்கள். ‘இன்னொரு வாட்டி’ என்று என்னிடம் கேட்கப்பட்டது அந்த ஒரு வரிக்குத்தான். அதுவும் நான் எழுதியதல்ல.