ஏழாம் பாட்டில் ஒரு மெய்யெழுத்து

அச்சகத்தில் அவளுக்குக் ‘கண்ணாடியக்கா’ என்று பெயர். இருபத்தாறு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறாள். ஒரே ஒருமுறை, இரங்கல் அறிவிப்பில் இறந்துபோன தம்பியின் பெயருக்குப் பதிலாக அண்ணன் பெயர் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். அந்த அண்ணனே நேரில் வந்து, தான் உயிரோடு இருப்பதை அச்சகம் அதிரச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து காற்புள்ளியைக்கூட அவள் நம்புவதில்லை.

அன்று மேசைக்கு வந்தது பாடல் வரிகள் அடங்கிய சிறு புத்தகம். தானே எழுதித் தானே பாடும் எண்பத்திரண்டு வயதுப் பாடகர், பதினோரு வருஷம் கழித்து வெளியிடும் இசைத்தட்டோடு வைப்பதற்கு. நான்கு மணிக்கு மெஷினில் ஏற வேண்டும். சரிபார்க்க ஒலிப்பதிவும் வந்திருந்தது.

அவர் குரல் அவளுக்கு என்றைக்குமே ஆகாது. தன் அழகு தனக்கே தெரிந்த குரல் என்பாள். ஹெட்போனை மாட்டியதும் திகைத்துப்போனாள். அந்தக் குரல் இல்லை. பாதி பாட்டு, பாதி பேச்சு. வரிக்கு வரி மூச்சு வாங்கும் சத்தம். ஒற்றைக் கிட்டார், வயதானவரோடு நடப்பவர்போல நின்று நின்று வந்தது. மூன்றாவது பாட்டு முடிந்தபோது பென்சில் தாளைத் தொடவே இல்லை என்பது உறைத்து, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

ஏழாவது பாட்டில்தான் சிக்கல். ‘நான் மட்டும் மிச்சம்’ என்ற வரி இரண்டு முறை வருகிறது. முதல் முறை தாளில் உள்ளபடி பாடியிருந்தார். பாட்டின் கடைசியில் இரண்டாம் முறை வரும்போது ‘நாம்’ என்று கேட்டது. அடுத்த சொல்லின் ‘ம’ வந்து ஒட்டிக்கொண்டதோ? இல்லை. நடுவே மூச்சு விட்டிருந்தார். உதடு மூடியது நன்றாகக் கேட்டது. பதின்மூன்று முறை கேட்டாள். மணி மூன்றேகால்.

“அக்கா, ஏத்தலாமா?” என்றார் மேனேஜர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. “வயசான மனுஷன், நாக்கு குழறியிருக்கும். பேப்பர்ல இருக்கறத போடுங்க. ஒரே வரி ரெண்டு விதமா இருந்தா நம்மளத்தான் சிரிப்பாங்க.”

அவள் பாடகர் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தார். ஏழாவது பாட்டில் கேட்டதை அவரிடம் சொன்னாள்.

“அப்பா பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க.”

“ஒரே ஒரு எழுத்துங்க. அவர் ஆமான்னா போதும்.”

மகள் போனை உள்ளே அப்பாவிடம் எடுத்துப்போனார். அவள் கடிகாரத்தையே பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. பிறகு பாடகரின் இருமல் கேட்டது.

“எங்க, போட்டுக் காட்டும்மா.”

ஹெட்போனைப் போனில் வைத்து அழுத்தினாள். பாட்டு முடிந்ததும் போனைக் காதில் வைத்தாள்.

“ஐயா, இருக்கீங்களா?”

“இருக்கேன். ஸ்டுடியோவுல ஆறு பேர் இருந்தாங்க. ஒருத்தர் காதுலயும் விழல.”

“அப்போ தப்பா பாடிட்டீங்களா, ஐயா?”

“இல்லம்மா. பாடிக்கிட்டே இருக்கும்போது, தனியா இருக்கற மாதிரி தோணல. வாய் மாறிடுச்சு. பேப்பர்ல நான் மாத்தல.”

“அச்சுல எதப் போடட்டும்?”

“உனக்கு எது கேட்டுச்சோ அது.” அதற்குள் இருமல் பிடித்துக்கொள்ள, மகள் போனை வாங்கி வைத்துவிட்டார்.

மேனேஜர் மெஷின் பக்கமே நின்றிருந்தார். “நாளைக்கு ஏதாவது வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன்.” ‘ன்’ஐ அடித்து ‘ம்’ போட்டு, கீழே முழுக் கையெழுத்து வைத்தாள். மூன்று ஐம்பத்திரண்டு.

புத்தகம் வெளிவந்த வாரமே, பிழை இருப்பதாக ஐந்து பேர் அச்சகத்துக்குப் போன் செய்தார்கள். மேனேஜர் ஐந்தையும் அவளிடமே தள்ளிவிட்டார். “கடைசி தடவை பாடற இடத்த ஹெட்போன்ல கேளுங்க” என்பதுதான் எல்லோருக்கும் அவள் சொன்ன பதில். நான்கு பேர் பட்டென்று வைத்துவிட்டார்கள். ஐந்தாமவர் மறுநாள் திரும்பக் கூப்பிட்டார். “கேட்டேங்க. ‘நாம்’தான்” என்றார்.