மல்லிகா அக்காவின் ஃப்ரிட்ஜ்

போன திங்கட்கிழமை வேங்கிக்கால் போயிருந்தேன். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க. நானா, மனுவா? "எல்லாத்துக்கும் அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டினா நாடு எப்படி உருப்படும்?" என்று இதே பத்தியில் பொங்கினேனே... அதே ஆள்தான்.

அப்போது செங்கம் ரோட்டில், டவுனைத் தாண்டி ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. முப்பதாயிரம் சம்பளம். அந்தத் தெருவில் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற ஒரே ஆள் நான்தான். டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். அப்பா வயசுக்காரர்கூட 'சார்' என்பார். அந்த 'சார்' தலைக்கு ஏற எத்தனை நாளாகும்? இலவசமே கூடாது, உழைக்கிறவன் பிழைச்சுக்குவான் என்று டீ ஆறும்வரை பேசுவேன். யாரும் மறுத்ததில்லை. ஒத்துக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன்!

எதிர்வீடு மல்லிகா அக்கா. வீடு என்றா சொன்னேன்? ஏரிப் புறம்போக்கில் நாலு ஷீட். வீட்டுமனைப் பட்டா கேட்டு எழுதிப் போட்டிருந்தார். விசாரிக்க வந்தவர், தெருவில் படித்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அதுதானே வழக்கம். அந்தம்மாவுக்கு வசதி எப்படி என்றார்.

"வசதிக்கு என்ன சார் கம்மி? எங்க வீட்ல இருக்கறதைவிட பெரிய ஃப்ரிட்ஜ் வெச்சிருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கிராமத்தில் நெட் சரியில்லை என்று ரமணாசிரமம் பக்கம் குடி வந்தேன். அதே வேலை. அதே முப்பதாயிரம். ஆனால் இங்கே ஒரு காபி விலையில் அங்கே இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம். மாடியில் வெளிநாட்டுக்காரர். எதிரில், வருஷத்துக்கு இரண்டு மாசம் தங்குவதற்காகவே வீடு வாங்கிப் போட்ட பெங்களூர்க்காரர். 'சார்' போயே போச்சு. ஓனருக்கு நான் 'மூணாம் நம்பர் ரூம்'.

ஆறே மாசத்தில் என் அரசியல் தலைகீழ். வாடகைக்கு உச்சவரம்பு வேணும், அரசாங்கமே வீடு கட்டித் தரணும் – ஃபேஸ்புக்கில் தினமும் புரட்சி. எதையாவது படித்தா மாறினேன்? பக்கத்து வீடு மாறிச்சு... அவ்வளவுதான்.

போன வாரம் ஓனர் கூப்பிட்டார். சீசனுக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, காலி பண்ணிக்கோ என்றார். அதனால்தான் அரசு குடியிருப்பில் ஒரு வீடு கேட்டு, வேங்கிக்கால் வரிசை.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். மல்லிகா அக்கா.

"நீங்க எங்க சார் இங்க?"

இன்னமும் சார். ஒரு வேலையா வந்தேன் என்று என் மனுவை மடித்தேன். பட்டா என்னாச்சுக்கா என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

"வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குன்னு தள்ளிட்டாங்க சார். யாரோ சொல்லிட்டாங்களாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில மோர் பாக்கெட் விக்கத்தான் தவணையில எடுத்தேன். அதையும் வித்துட்டேன். இப்போ குடுத்துடுவாங்க இல்ல?"

குடுப்பாங்கக்கா என்றேன். அந்த 'யாரோ' நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன்.

அதற்குள் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். "நீங்களே எழுதிக் குடுங்க சார். படிச்சவங்க எழுதினா ஒரு மதிப்பு இருக்கும்."

சுவரில் தாளை வைத்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, நடுவில் ஒரு வரி: 'என் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதன் கீழே அடிக்கோடு போடச் சொன்னார். போட்டேன்.

என் மனுவைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். என் ரூமில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே!